சில்லு இறுகாமல் பிறேக் பிடித்தல்



எங்களில் சிலருடைய வீடுகளில் இப்போது கணனிக்கு முன்னால் ஸ்ரெயரிங்கும் பெடலும் பூட்டியிருக்கின்றன. இரவு வேலை முடித்து வந்தால் பெடியன்கள் கார்ப்பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். 'விளையாட்டுத்தானே' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் 2014இல் இத்தாலியில் இருந்து வெளிவந்த 'அசெற்றோ கோர்சா' போன்றவை ரயரின் பிடியையும் காரின் பாரத்தையும் கணக்குப் பார்த்து ஓடுபவை. நாளை லைசென்ஸ் எடுக்கப்போகும் பிள்ளை அதில் என்ன பழகுகிறது என்று நாங்களும் அறிந்திருப்பது நல்லது.

உதவி வசதிகளை நிறுத்திவிட்டு ஓடினால் முதலில் வரும் தொல்லை சில்லு இறுகுவது. பிறேக்கை ஓங்கி மிதித்ததும் சில்லு சுற்றாமல் நின்றுவிடும், கார் நிற்காமல் சறுக்கும். முன்சில்லு இறுகினால் ஸ்ரெயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரேதான் போகும். பின்சில்லு இறுகினால் பம்பரம்போலச் சுழன்றுவிடும்.

இதற்கு வழி என்ன?

இறக்கை பூட்டிய பந்தயக் காரை, வேகம் கூடிய நேரத்தில் காற்று நிலத்தோடு அமத்தும். அப்போது பலமாக மிதிக்கலாம். வேகம் குறையக் குறையக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும். போர்முலா வண் பந்தயத்தில் 1994இல் ஏ.பி.எஸ். தடைசெய்யப்பட்டது. மொன்சாவின் முதல் வளைவுக்கு 300 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் வருபவர்கள் இன்றும் காலால்தான் இதைச் செய்கிறார்கள்.

ரயரின் பிடி எங்கள் சம்பளக் காசு மாதிரி. பிறேக்குக்குச் செலவழித்தது போக மிச்சம்தான் வளைவுக்கு. ஆகவே நேரே ஓடும்போதே பெரும்பாலான வேகத்தைக் குறைத்துவிட்டு, ஸ்ரெயரிங்கைத் திருப்பத் திருப்பப் பிறேக்கைத் தளர்த்தவேண்டும். கியரை அவசரப்பட்டுக் குறைத்தாலும், பின்சில்லால் ஓடும் காரில் அந்தச் சில்லு இறுகும். முன்சில்லே அடிக்கடி இறுகினால் பிறேக்கின் பங்கைச் சற்றுப் பின்னுக்கு மாற்றலாம். ஒருமுறைக்கு 1 வீதம் போதும்.

உடம்புக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் காதும் கையும்தான் துணை. ரயர் கீச்சிடும், ஸ்ரெயரிங் இலேசாகும். அப்போது காலை முழுவதும் எடுக்காமல், சில்லு திரும்பச் சுற்றும்வரை மட்டும் தளர்த்தினால் போதும். விலை கூடிய பெடல் வாங்கித்தா என்று கேட்டால், முதலில் இருக்கிறதில் பழகட்டும்.

இனி முக்கியமான விடயம். 1978இல் மெர்சிடிஸ்-பென்ஸ் காரில் வந்த பொஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். இன்று எங்கள் கார்களில் பெரும்பாலும் உண்டு. சில்லைத் தளர்த்திப் பிடிக்கும் வேலையை அதுவே செய்யும். ஆபத்து வந்தால் பலமாக மிதித்து, மிதித்தபடியே ஸ்ரெயரிங்கைத் திருப்பவேண்டும். பெடல் காலுக்குக் கீழே அதிரும், சத்தமும் வரும். பயந்து காலை எடுக்கக்கூடாது. கணனியில் பழகிய கால் அங்கே தளர்த்தப் பார்க்கும். பிள்ளைக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

பனியில் ஏ.பி.எஸ். இருந்தும் கார் கெதியில் நிற்காது. குளிர்கால ரயரும் முன் காருக்கு விட்ட இடைவெளியும்தான் காக்கும். கணனியில் மோதினால் திரும்பத் தொடங்கலாம். தெருவில் அப்படி ஒரு பொத்தான் இல்லை.