கைப்பிடியா, ஏணியா?

ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்ட பிறகு, சேரப்பணஞ்சேரி வட்டாரத்தில் மாடி வீடுகள் பெருகிவிட்டன. ஒரு வீட்டுப் படியைப் போல் மற்றொரு வீட்டுப் படி இராது. பட்டறைக்காரர் நேரில் வந்து அளந்துதான் கிராதி செய்தாக வேண்டும். அவரிடம் வீட்டுக்காரர் கேட்பதெல்லாம் பளபளப்பு! எவர்சில்வர் குழாயைக் குறுக்கே நாலு வரிசை ஓட்டிவிட்டால் கண்ணுக்கு அழகுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கோ அது ஏணி!

கம்பிகளை நெட்டுக்குத்தாக, நெருக்கமாக நிறுத்தச் சொல்ல வேண்டாமா? அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதி, படிக்கிராதியின் இடைவெளியில் 4⅜ அங்குல உருண்டை நுழையலாகாது என்கிறது. குழந்தையின் உடல் நுழைந்து, தலை மாட்டிக்கொள்ளுமே என்ற கவலைதான்.

கம்பி கூடினால் கூலியும் கூடும், மறுப்பதற்கில்லை. தலைவாசல் கதவின் பித்தளைப் பூவுக்குக் கணக்குப் பார்க்காதவர், இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பானேன்?