லேசரோடு முடிவதில்லை

சர்க்கரை நோயால் விழித்திரையில் தாறுமாறாக முளைக்கும் ரத்தக் குழாய்களை லேசர் அடக்குகிறது. பலரைப் பார்வை இழப்பிலிருந்து காக்கிறது. ஆனால் சிலருக்கு அதே லேசருக்குப் பின் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கும், அல்லது முன்பிருந்த வீக்கம் கூடும். எழுத்து கலங்கும், முகம் மங்கும். ‘லேசர் வைத்தும் பலனில்லை’ என்று நோயாளி மருத்துவமனைப் பக்கமே வராமல் நின்றுவிடுவதுதான் பெரும் ஆபத்து. ஏனெனில், இந்த வீக்கத்துக்கு மருந்து உண்டு.

குழாய்க் கசிவைத் தூண்டும் புரதத்தை முடக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுகிறார்கள். பெரும்பாலும் மாதம் ஒன்றாகத் தொடங்கி, தேவைக்கேற்ப இடைவெளியை நீட்டிக்கிறார்கள். தடை, விலையும் அலைச்சலும். 2015இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வில், பார்வை சற்றே குறைந்தவர்களுக்கு மலிவான பெவாசிசுமாப், விலை உயர்ந்த மருந்துகளுக்கு நிகரான பலன் தந்தது. அதிகம் குறைந்தவர்களுக்கு முதல் ஆண்டில், விலை உயர்ந்தவற்றில் ஒன்றான அஃப்லிபர்செப்ட் முந்தியது. இரண்டுமே அரசு மருத்துவமனைகளில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஊசிக்கும் ஒருநாள் கூலியை இழந்து பெருநகரம் போகச் சொல்வது நியாயமல்ல. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே விழித்திரை ஸ்கேனும் ஊசியும் கட்டணமின்றிக் கிடைக்கட்டும். சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள், அடுத்த ஊசி எப்போது என்றும் கேட்கட்டும்.