மிச்சல் குடும்பத்தின் ரீட் கிளை

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் செல்வம் சேர்த்த குடும்பங்களைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் கணவனின் வம்சாவளியையே பின்தொடர்வதால், மனைவியின் பிறந்தகம் அவற்றில் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரின் வங்கியாளர் அலெக்சாண்டர் மிச்சலின் மனைவி மார்த்தா ரீட் இதற்குத் தக்க சான்று.

ஸ்காட்லாந்தில் பிறந்த மிச்சல், தம் நாட்டவரான ஜார்ஜ் ஸ்மித் தொடங்கிய கடல்சார் மற்றும் தீக் காப்பீட்டு நிறுவனத்தின் செயலராக 1839இல் மில்வாக்கிக்கு வந்தார். வங்கித் தொழில் செய்யக் கூடாது என்று அந்நிறுவனத்தின் உரிமைச் சாசனம் தடுத்திருந்தபோதிலும், வைப்புத்தொகை பெறும் உரிமையைப் பற்றிக்கொண்டு, கேட்டவுடன் நாணயமாக மாற்றித் தரப்படும் வைப்புச் சான்றிதழ்களை அது வெளியிட்டது. அச்சீட்டுகளே கடைத்தெருவில் பணமாகப் புழங்கின. 1846இல் சட்டமன்றம் சாசனத்தை ரத்து செய்தும் நிறுவனம் அதைப் பொருட்படுத்தவில்லை. சட்டத்தின் துணையின்றி நடந்த இத்தொழிலுக்கு முதலீடு மக்களின் நம்பிக்கைதான். ஆனால் முன்பின் அறியாத ஓர் இளைஞருக்கு ஊரில் காலூன்ற உறவும் வேண்டியிருந்திருக்கும்.

அத்தகைய உறவு 1841இல் நடந்த திருமணத்தால் வாய்த்தது. மாசசூசெட்ஸிலிருந்து குடிபெயர்ந்த ரீட் குடும்பத்தார் அதற்கு முன்பே விஸ்கான்சினில் வேர்பிடித்திருந்தனர். மார்த்தாவின் அண்ணன் ஹாரிசன் ரீட் ‘மில்வாக்கி சென்டினல்’ செய்தித்தாளைத் தொடக்க ஆண்டுகளில் நடத்தியவர், பின்னர் நீனா என்ற ஊரை உருவாக்குவதில் முன்னின்றவர். மற்றொரு சகோதரரான கர்ட்டிஸ் அதற்கு அருகிலுள்ள மெனாஷாவின் உருவாக்கத்தோடு தொடர்புடையவர். உள்நாட்டுப் போருக்குப் பின், தோல்வியுற்ற தென்மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்த்த மறுசீரமைப்புக் காலத்தில், ஹாரிசன் 1868 முதல் 1873 வரை புளோரிடாவின் ஆளுநராக இருந்து, தம்மைப் பதவிநீக்கம் செய்ய மீண்டும் மீண்டும் நடந்த முயற்சிகளைத் தாங்கினார். மார்த்தாவும் அம்மாநிலத்து ஜாக்சன்வில்லில் ‘வில்லா அலெக்சாண்ட்ரியா’ என்ற பெரும் மாளிகைத் தோட்டத்தை அமைத்தார். தோட்டத்திற்கும் கணவரின் பெயரே.

வங்கியும் மனைவியின் சொத்தும் விஸ்கான்சினில் ஒரே ஏட்டில் விவாதிக்கப்பட்ட பொருள்கள் என்பதை நினைவுகொள்ள வேண்டும். 1846இல் வரையப்பட்ட அரசியலமைப்பு, வங்கிகளை அறவே தடை செய்ததோடு, மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்றும் விதித்தது. அதுவரை பொதுச்சட்ட மரபுப்படி மனைவியின் சட்ட ஆளுமை கணவனுடையதில் அடங்கியிருந்தது. இவ்விரு விதிகளும் கடும் எதிர்ப்பைக் கிளப்ப, 1847இல் வாக்காளர்கள் அந்த வரைவை நிராகரித்தனர். சொத்துரிமை 1850இல் தனிச் சட்டமாக வந்தது; வங்கிக்கான அனுமதி 1852இல் கிடைக்க, மிச்சலின் நிறுவனம் அடுத்த ஆண்டு முறைப்படி வங்கியாயிற்று.

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லத்தை 1858இல் 2 லட்சம் டாலருக்கு விலைபேசிய மகளிர் சங்கத்தில், மாநிலத்துக்கு ஒருவராக அமர்ந்த துணைப் பொறுப்பாளர்களுள் விஸ்கான்சினின் பிரதிநிதி மார்த்தாதான். பெண்களே நடத்திய அச்சங்கமும் அவரைத் ‘திருமதி அலெக்சாண்டர் மிச்சல்’ என்றே அழைத்தது. அன்றைய வழக்கம் அது. அவ்வழக்கத்தை இன்றைய வரலாற்றாசிரியரும் பின்பற்றும்போதுதான் ரீட் என்ற பெயர் மறைகிறது.

மிச்சல் 1887இல் இறந்தார். 1893 நிதி நெருக்கடியில், மகன் ஜான் அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்த வேளையில், வங்கி கதவடைத்தது. பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. ஜானின் மகனே, தனி வான்படைக்காக மேலதிகாரிகளைச் சாடி 1925இல் இராணுவ நீதிமன்றத்தில் நின்ற பில்லி மிச்சல். அவருடைய பிடிவாதத்திற்கு ஸ்காட்லாந்துத் தாத்தாவைக் காரணம் காட்ட விரும்புவோர், பதவிநீக்க முயற்சிகளுக்கு அசைந்துகொடுக்காத ஆளுநர் அவருடைய பாட்டியின் அண்ணன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.