செக்போஸ்டில் சிக்காத போதை

கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ் ஏறியிருக்கிறீர்களா? கூடலூர் தாண்டினால் லோயர் கேம்ப். பெரியாறு மின் நிலையம், பென்னிகுவிக் மணிமண்டபம், அதற்கப்புறம் மலைப்பாதை. மேலே போனால் கேரளா. இந்த வழியில்தான் கஞ்சா சோதனை. பொட்டலம் சிக்கினால் மறுநாள் பேப்பரில் போட்டோ. மேஜை மேல் சரக்கு, பின்னால் அதிகாரிகள், முகத்தை மூடிக்கொண்டு நாலு பையன்கள்.

பிடிக்கட்டும். நன்றாகவே பிடிக்கட்டும். பதினாறு வயதில் கஞ்சாவைத் தொடுகிறவனுக்கு மனநோய் வரும் ஆபத்து அதிகம் என்கிறது மருத்துவம். 20 கிலோவுக்கு மேல் வைத்து மாட்டினால் 1985-ம் வருஷச் சட்டப்படி குறைந்தது பத்து வருஷம் ஜெயில். (மலையில் பயிரான காலம் போய், இன்று சிக்குவதில் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா பக்கத்துச் சரக்கு. கெட்ட பெயர் மட்டும் கம்பத்துக்கு!)

அதே ரோட்டில் விடியுமுன்னே ஜீப்கள் போகும், பாருங்கள். ஏலத் தோட்ட வேலைக்கு, தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போகிற பெண்கள். சாயங்காலம் அவர்கள் கொண்டுவரும் கூலியில் எவ்வளவு புருஷனின் குவார்ட்டருக்குப் போகிறது என்று எந்த செக்போஸ்டும் கேட்காது. எப்படிக் கேட்கும்? கடை அரசாங்கத்துடையது.

'கஞ்சாவும் குவார்ட்டரும் ஒண்ணா சார்?' சட்டத்துக்கு வேறு வேறுதான். கல்லீரலுக்கு அந்தச் சட்டம் தெரியாது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என அந்நிறுவனம் 2023-ல் சொன்னது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத ஆளோடு பேசுவார். உயிரே போகலாம். அவருக்குத் தேவை ஆஸ்பத்திரி. சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுக்கும் பவுடர் அல்ல.

நான் படித்தது பி.காம். அதனால் பேரேட்டுக்கு வருகிறேன். 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. அந்த நிதியாண்டில் அரசுக்கு வருமானம் சுமார் 3,639 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. நடுவில் 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், கைதட்டினோம். அந்த வருஷ வருமானம் முந்தின வருஷத்தைவிட ஆயிரத்து எழுநூறு கோடி கூடுதல்! வரவுப் பக்கத்தை மட்டும் எழுதின நோட்டை எங்கள் வாத்தியார் மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார். கல்லீரல் வார்டு, ராத்திரி விபத்து, படிப்பை விட்டு ஜீப் ஏறின பெண்பிள்ளை... பற்றுப் பக்கம் எங்கே?

'கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்' என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலிவாங்கியபோது டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. செத்தவர் குடும்பத்துக்குத் தலா பத்து லட்சம் அறிவித்தார்கள். அதுவாவது செலவுக் கணக்கில் ஏறியிருக்கும்.

இன்றைக்கே பூட்டு போடு என்று நான் கேட்கவில்லை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் போனது. பாட்டிலுக்கு இத்தனை கறாராகக் கணக்கு வைக்கிறவர்கள், சட்டசபையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும். மாவட்ட வாரியாக, குடிநோய்ச் சிகிச்சைக்கு எத்தனை படுக்கை, எத்தனை பேர் வந்தார்கள். தேனி மாவட்டத்தின் வரியை நான் முதலில் படிப்பேன்.