நுணுக்குக்காட்டியும் நம் கடலோரச் சிறாரும்

விழா எடுக்குங்கால் பழைய மாணவர் தாம் கற்ற கல்லூரிக்கு அலங்கார வளைவோ மணிக்கூண்டோ எழுப்பிக் கொடுத்தல் நாடறிந்த வழக்கு. அதனைக் குறைகூற நாம் வந்தோமல்லோம். ஆயினும், இம்மலரின் வாயிலாக அன்பர் முன்னிலையில் ஒரு விண்ணப்பம் வைக்க விழைகின்றோம். தமிழாசிரியர்க்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்பார்க்கு இறுதியில் விடை கூறுவோம்.

மூளையைப் பற்றிய அறிவு, காணும் கருவியோடு கூடவே வளர்ந்தது. 1873 இல் இத்தாலிய அறிஞர் கொல்கி நரம்புக்கலங்களைக் கருநிறமாக்கிக் காட்டும் முறையொன்றைக் கண்டார். அம்முறையையே கைக்கொண்ட ஸ்பானிய அறிஞர் கஹால், மூளை தனித்தனிக் கலங்களால் ஆயது என்றார். கொல்கியோ அது தொடர்பறாத வலையென்றே சாதித்தார். 1906 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும் வழக்குத் தீரவில்லை. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி கலங்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டிய பின்பே கஹாலின் கூற்று ஐயமற நிலைத்தது.

இலத்திரன் கருவி காட்டுவது உயிர் நீங்கிய இழையத்தையே. உயிருள்ள மூளையின் உட்புறத்தைக் காண, 1990 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் என்னும் மூவர் வழி வகுத்தனர். ஒளித்துகள் இரண்டு ஒருசேர உட்கொள்ளப்படும் குவியத்தில் மட்டுமே சாயம் ஒளிரும், சுற்றுப்புறம் இருண்டிருக்கும், ஆதலின் ஆழத்திலுள்ளதும் தெளிவாய்த் தோன்றும்.

இத்தகைய கருவிகொண்டு ஆராய்வோருள் ஒருவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெங்கடேஷ் மூர்த்தி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் முதலிற் கற்றது இயந்திரப் பொறியியல். பின்னரே நரம்பியலின்பால் திரும்பி, மூளை மணங்களைப் பகுத்தறியும் வகையை ஆராயலானார். அதே கழகத்தின் மூளை ஆய்வு மையம், மனிதக் கருவின் மூளையை 5,132 நுண்சீவல்களிற் காட்டும் 'தரணி' என்னும் படத்தொகுதியை 2024 இல் உலகோர்க்கு இலவசமாய் வழங்கியது.

இவையெல்லாம் வாகரைக்கு எட்டாத சேய்மையின என்பார் உளர். கணவாய் இனமொன்றின் பருத்த நரம்பிழையிலேதான் ஹொட்ச்கின், ஹக்ஸ்லி என்போர் மின்துடிப்பு ஓடும் முறையை ஆராய்ந்து 1952 இல் வெளியிட்டனர். 1963 இல் நோபல் பரிசிலும் பங்குபெற்றனர். கணவாயை நாள்தோறும் கையாற் கழுவும் நம் சிறார் இதனை அறியார். 2004 இல் ஆழிப்பேரலையும், 2006, 2007 ஆம் ஆண்டுகளிற் போரும் அலைத்த இவ்வூரில், பிள்ளைகள் மீண்டும் புத்தகம் எடுத்ததே பெரிது என்று அமைதல் நமக்குத் தகாது. நூலிலுள்ள படத்தைப் பார்த்து வரைந்து புள்ளி பெறும் மாணவன் கலத்தைக் கண்டவனல்லன். கலத்தின் படத்தைக் கண்டவனே.

இனி, நம் விடை. நுணுக்குக்காட்டி, கலம், இழையம், இலத்திரன் என்பன ஈழத்துப் பாடநூல்கள் வழங்கும் நற்சொற்கள். காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிக் கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்தவர். அன்னோர் உழைப்பாற் சொல் உண்டு. பொருள்தான் பிள்ளையின் கண்முன் இல்லை. பொருளைக் காணாத நாவிற் சொல் மனனமாய் நின்று, பரீட்சை முடிந்ததும் மறைந்துவிடும். இது தமிழுக்கும் இழப்பன்றோ?

ஆதலின் அன்பர்களே, வளைவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கினைக் கடலோரச் சிற்றூர்ப் பாடசாலைகளுக்கு நுணுக்குக்காட்டி வாங்க ஒதுக்குங்கள். அதனை அலுமாரியிற் பூட்டிவையாது கையாளப் பயின்ற ஆசிரியர் ஒருவரையும் உடன் ஆக்குங்கள். ஒரு வெங்காயத் தோலைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, அதன் கலங்களைத் தன் கண்ணாலே காணும் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயரை எவரும் கல்லில் வெட்டிக் காட்ட வேண்டியதில்லை.