பகடைக்குக் கிடைத்த பரிசு



ஆண்டு முடியும் காலத்தில் "இவ்வாண்டின் சிறந்த விளையாட்டுகள்" என்ற பட்டியல்கள் வெளிவருகின்றன. கைப்பேசிக் கடை நடத்தும் நிறுவனங்கள் ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடுவர் குழுக்கள் வேறு பட்டியல்களை வெளியிடுகின்றன. இதை மதரஸா ஆசிரியன் ஒருவன் ஏன் பேசுகிறான் என்று வாசகர்கள் வியக்கலாம். என்னிடம் ஓதும் பிள்ளைகள் இப்பட்டியல்களைப் பார்த்தே விளையாட்டுகளைத் தரவிறக்குகிறார்கள் என்பதுதான் காரணம். அவர்கள் என்னிடம் கேட்பதில்லை. கேட்க முடியாதபடி செய்தவர்களில் நானும் ஒருவன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் 2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு கூகுள் பிளே நிறுவனம் இந்தியாவுக்கான சிறந்த விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது "மோனோபோலி கோ". பகடையை உருட்டவேண்டும், விழுந்த எண்ணுக்கேற்ப நகரவேண்டும், கிடைத்த பொய்ப்பணத்தில் கட்டடம் எழுப்பவேண்டும். நண்பனின் கட்டடத்தை இடிக்கலாம். அவன் வங்கியைக் கொள்ளையடிக்கலாம். பகடை தீர்ந்துவிட்டால் காத்திருக்கவேண்டும், அல்லது மெய்ப்பணம் கொடுத்து வாங்கவேண்டும். அந்த "அல்லது" என்ற சொல்லில்தான் அவ்விளையாட்டின் வணிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பகடையாட்டத்தைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. பகடை ஆடுபவனைப் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் கை தோய்த்தவனுக்கு ஒப்பிட்டு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களைச் சிறு பிள்ளைகளும் மனனம் செய்திருக்கிறார்கள். ஆனால் அவ்விளையாட்டை உருவாக்கிய ஸ்கோப்லி நிறுவனத்தை அதே 2023இல் 490 கோடி டாலர் கொடுத்து வாங்கியவர்கள் யார் தெரியுமா? சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதிக்குச் சொந்தமான சாவி கேம்ஸ் நிறுவனத்தார். இரு புனிதப் பள்ளிவாசல்களின் பணியாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மன்னரின் நாட்டு நிதி அது. இதைக் கண்டித்து ஒரு குத்பாவும் என் செவியில் விழவில்லை. உம்ராவுக்குச் சென்று திரும்பியவர் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்து பகடை உருட்டுவதை மட்டும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாம் கொதித்தெழாதவர்கள் அல்லர். 2020 ஜூன் மாதம் பப்ஜி மொபைல் விளையாட்டில் சிலையின் முன் பாத்திரங்கள் வணங்குவதுபோன்ற ஒரு காட்சி இருப்பது தெரிந்தபோது வளைகுடா நாடுகள் கொந்தளித்தன, அல்அஸ்ஹர் எச்சரித்தது, நிறுவனம் அதை நீக்கியது. அக்கொதிப்பு நியாயமானதே. எனினும் திரையில் தெரிந்த சிலையை அடையாளம் கண்ட நம் கண்களுக்கு, அதே திரையின் மூலையில் காசு கேட்டு மின்னிக்கொண்டிருந்த பெட்டி ஏன் தெரியவில்லை? பணத்தைச் செலுத்து, பெட்டியைத் திற, உள்ளே என்ன வருமென்று உனக்குத் தெரியாது என்பதற்கு மைஸிர் என்று பெயரிட இஜ்திஹாத் எதுவும் வேண்டியதில்லை. நாற்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும்: பெட்டிக்கடை வாசலில் ஓர் அட்டை தொங்கும், நாலணா கொடுத்தால் ஒரு சீட்டைக் கிழிக்கலாம், எண் விழுந்தால் பரிசு, பெரும்பாலும் வெற்றுக் காகிதம். அதைக் கிழித்ததற்காக என் வாப்பாவிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன். அந்த அட்டைதான் இன்று பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவர் அவனுடைய வாப்பா. இத்தகைய பெட்டிகளில் சில சூதாட்டமே என்று பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. குர்ஆனை ஓதாத ஒரு நாட்டின் அதிகாரிகள் கண்டுகொண்டதை நாம் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

அரசு சட்டம் இயற்றிவிட்டதே என்பார்கள். உண்மைதான். 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வரைவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி ஏப்ரலில் சட்டமாக்கினார்கள். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. வரவேற்போம். ஆனால் அச்சட்டங்கள் பணத்தைக் கட்டிப் பணத்தை எதிர்பார்க்கும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. பணத்தைக் கட்டி ஒரு வண்ணச் சட்டையையோ பொய்த் துப்பாக்கியையோ எதிர்பார்க்கும் பிள்ளை அவ்வலையில் சிக்கமாட்டான். அவனுக்கு வேலி கட்டவேண்டியவர்கள் வீட்டாரும் உஸ்தாதும்தான்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். திருத்தணியில் மாலை மக்தபில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓதிக்கொடுக்கிறேன். முஃப்தி அல்லன், இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவன், அவ்வளவே. கைப்பேசி விளையாட்டு பற்றி யாராவது கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவேன்: ஹராம். கேள்வி நின்றுவிடும், நேரமும் மிச்சமாகும். சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன், பதின்மூன்று வயது, விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் தாயின் கைப்பேசியிலிருந்து இரண்டு வாரங்களில் நான்காயிரத்துச் சொச்ச ரூபாயை ஒரு விளையாட்டில் கரைத்துவிட்டான். அத்தாய் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்துவைத்த பணம் அது. எந்த விளையாட்டு என்பது இங்குத் தேவையில்லை. அவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். "ஏன்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டே அவன் சொன்னான்: "ஹஜ்ரத், நீங்க எல்லாமே ஹராம்னு சொல்லிட்டீங்க. அதுல எது கெட்டது, எது ரொம்பக் கெட்டதுன்னு யாருகிட்ட கேக்குறது?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஏனெனில் அப்பிள்ளை கேட்டது ஃபிக்ஹின் கேள்வி. நம் ஃபுகஹாக்கள் எல்லா விளையாட்டையும் ஒரே கோணியில் கட்டித் தூக்கி எறிந்தவர்கள் அல்லர். பந்தயங்களுக்கெனத் தனிப் பாடமே வகுத்தார்கள். குதிரை, ஒட்டகம், அம்பு ஆகியவற்றில் பரிசுக்கு இடமுண்டு என்றார்கள். பரிசுப்பணத்தை யார் வைக்கலாம், யார் வைத்தால் சூதாகிவிடும் என்று நுணுகி ஆராய்ந்தார்கள். பகடையில் கடுமை காட்டியவர்கள் சதுரங்கத்தில் கருத்து வேறுபட்டார்கள். நான் ஓதிய ஹனஃபி நூல்கள் அதில் இறுக்கமானவை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ அதை வெறுத்தார்களேயன்றிப் பந்தயமும் தொழுகை தவறுதலும் கலக்காதவரை ஹராம் என்று சொல்லவில்லை. பகடையில் தற்செயல் ஆள்கிறது, சதுரங்கத்தில் சிந்தனை ஆள்கிறது என்று பிரித்தறிந்தவர்கள் அவர்கள். வேறு சொற்களில் கூறினால், அவரவர் காலத்தின் விளையாட்டுகளை அருகிலிருந்து பார்த்து, எடைபோட்டுத் தரம் பிரித்தார்கள். நாமோ பார்க்காமலே தீர்ப்பளிக்கிறோம். அதற்குப் பேணுதல் என்றும் பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் விளையாட்டுக்கு இடமிருந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை தோற்றார்கள், மறுமுறை வென்றார்கள். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னையார் சலிக்கும்வரை நின்று பார்க்கவிட்டார்கள். யாராலும் முந்தமுடியாத அவர்களது ஒட்டகத்தை ஒரு நாட்டுப்புற அரபியின் ஒட்டகம் முந்தியபோது முஸ்லிம்கள்தாம் வருந்தினார்கள். தோல்வியையும் கண்ணியமாக ஏற்கக் கற்பித்த வரலாறு அது. பகடை வாங்கினால் தோல்வியைத் தள்ளிப்போடலாம் என்று கற்பிக்கும் கடைக்காரரிடம் நம் பிள்ளையை அனுப்பிவிட்டு இவ்வரலாற்றை மேடையில் பேசுவதில் என்ன பயன்?

மீண்டும் 2023க்கு வருவோம். அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த இன்னொரு விளையாட்டின் பெயர் "வெண்பா". கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாயின் கதை. அவளுடைய தாய் எழுதிவைத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்கவேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதே அங்கே புதிர். மகன் வளர்கிறான், தமிழ் பேச வெட்கப்படுகிறான், வீட்டுச் சாப்பாட்டைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லக் கூசுகிறான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம். ஒருமுறை விலை கொடுத்தால் போதும், இடையில் காசு கேட்கும் பெட்டி கிடையாது. 2024இல் லண்டனில் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அளித்தது. அமெரிக்காவின் சுயாதீன விளையாட்டு விழாவில் பெரும்பரிசும் அதற்கே.

என் தங்கை மகனின் மடிக்கணினியில் அதை ஆடிப் பார்த்தேன். அது முஸ்லிம் குடும்பத்தின் கதையன்று. அதில் வரும் திரைப்பாட்டுப் பாணி இசை குறித்து எனக்குத் தயக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை. எனினும் மகன் தாயை விட்டு விலகும் இடம் வந்தபோது, வீட்டில் உருது பேசி, வெளியில் தமிழும் தெலுங்கும் பேசி, எம்மொழியிலும் தாயிடம் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசாத எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். உலகின் இரு பெரும் மேடைகளில் ஒரு தமிழ்த் தாயின் அடுக்களை பரிசு பெற்றபோது, தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது நம் கடைக்காரர் பரிசளித்த பகடை.

"வெண்பா" வெளிவந்தது கணினிக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும். எங்கள் பிள்ளைகளிடம் இருப்பதோ தாயின் பழைய கைப்பேசி. இலவசம் என்று எழுதிய கடைக்குத்தான் ஏழைப் பிள்ளை போவான். இந்தத் தடையை நான் மறுக்கவில்லை. ஆனால் இலவசம் என்றால் என்னவென்று நான்காயிரம் ரூபாயை இழந்த அத்தாயிடம் கேளுங்கள். ஜமாஅத்தில் நான்கு பேர் சேர்ந்தால் மக்தபுக்கு ஒரு பழைய கணினி வாங்குவது முடியாத செயலா? கந்தூரிக்கும் திருமண மண்டப அலங்காரத்துக்கும் நாம் செலவிடுவதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பேச்சு வேறு திசையில் போய்விடும்.

"அப்படியானால் பிள்ளைகளை விளையாட்டுக்கு அழைக்கிறீரா?" என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். அழைக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். நாம்தான் வெளியே நிற்கிறோம். ஆரோக்கியமும் ஓய்வுநேரமும் மனிதர்கள் பலர் ஏமாந்துபோகும் அருட்கொடைகள் என்ற நபிமொழியைத் தாழ்வாரத்தில் எழுதி ஒட்டியவன் நான். ஏமாறுபவனுக்கு ஏமாற்றும் இடம் எதுவென்று காட்டாமல் எழுதி ஒட்டினேன்.

கடைக்காரர்களின் தீர்ப்பு எவ்வளவு நிலையானது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லிவிடுகிறேன். 2021இல் இந்தியாவின் சிறந்த விளையாட்டு என்று கூகுள் பிளே அறிவித்தது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. மறு ஆண்டு ஜூலையில் அரசு உத்தரவால் அதே கடை அதை இறக்கிவைத்தது. 2023 மே மாதம் மீண்டும் ஏற்றியது. இவர்களுடைய "சிறந்தது" என்ற சொல்லை நம்பித்தான் நம் வீடு நடக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை அஸருக்குப்பின் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தேன். ஆடும் விளையாட்டுகளின் பெயர்களை அச்சமின்றிச் சொல்லச் சொன்னேன். முதலில் மௌனம், பிறகு நிறுத்த முடியவில்லை. கரும்பலகையில் பதினெட்டுப் பெயர்கள் நிறைந்தன. திறந்து பார்க்குமுன் காசு கேட்கும் பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். பாதிக்கு மேல் அழிந்தது. பாங்கு சொன்னால் நடுவில் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "நடுவுல போனா டீம்ல எல்லாரும் திட்டுவாங்க ஹஜ்ரத்" என்றான் ஒருவன். அதற்கும் சில அழிந்தன. அம்மா பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் மறைக்கத் தோன்றுமா என்ற கேள்விக்கு அவர்களே எழுந்துவந்து அழித்தார்கள். நான் சாக்பீஸைத் தொடவே இல்லை.

நான்கு பெயர்கள் மிஞ்சின. பணத்தை இழந்த அந்தப் பிள்ளை அவற்றைத் தன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். தாய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் உருதுவில் ஒரு படி எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். நான்குக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றைப் பென்சிலால் எழுதி, அருகில் கேள்விக்குறி இட்டிருந்தான். அதை இந்த வாரம் நான் ஆடிப் பார்த்துச் சொல்லவேண்டுமாம்.