எரித்தவன் பகைவன், மறந்தவன் யார்?

நூலகம் என்பது அரசு தரும் கொடை என்று எண்ணிக் கிடக்கின்றான் தமிழன். யாழ்ப்பாணத்து நூலகம் எவர் தந்த கொடை? 1933-இல் க. மு. செல்லப்பா என்னும் தனியொருவர் தம் இல்லத்தில் தொடங்கியது அது. அடுத்த ஆண்டே ஊரார் கைகோத்தனர்; குடிக்கூலிக்கு எடுத்த அறையொன்றில் 844 நூல்களோடு அது பொதுவாயிற்று. 1935-இல் நகரவை ஏற்றது. மக்கள் திரட்டிய பொருளும், நூலகவியல் அறிஞர் அரங்கநாதனார் நல்கிய அறிவுரையும் சேர்ந்து, 1959-இல் மாளிகையாய் எழுந்தது.

1981 சூன் முதல் நாளையொட்டிய இரவில், காவல்துறையினரும் காடையரும் அதற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. தீயைக் கண்ணுற்ற பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அந்நிலையிலேயே உயிர்நீத்தார். கட்டடம் மீண்டும் எழுந்தது; ஒற்றைப்படியாய் இருந்த ஏடுகள் மீளவில்லை; மீளவும் மாட்டா.

எரித்தவனைப் பழிக்கின்றோம், பழிக்கத்தான் வேண்டும். ஆயின், ஈங்குள்ள நாம் செய்வதென்ன? விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாநிலம். இன்றளவும் வீட்டுவரியோடு நூலகவரியும் செலுத்துகின்றோம். செலுத்திவிட்டு, ஊர் நூலகத்தின் வாயிலையேனும் மிதித்தோமா?

பாட்டன் காத்த ஏடுகளைப் பரணில் கறையானுக்கு ஈந்த பெயரன் ஒருவனை யான் அறிவேன். அவனும் யாழ்ப்பாணத் தீயை எண்ணிக் கண்ணீர் வடித்தவனே! தீத் தின்றால் என்ன, கறையான் தின்றால் என்ன? ஏட்டுக்கு இறப்பு ஒன்றே.

தமிழ! அழுதது போதும். பரணில் உள்ள ஏட்டை இறக்கு, படியெடு, ஊர் நூலகத்தில் சேர். செல்லப்பா ஒருவராகத்தான் தொடங்கினார். நீயும் ஒருவன்தானே?